எந்த வேலையில் கூலியை மிச்சம் பிடிக்கலாம்?

கணக்குப் பார்ப்பது வணிகனின் இயல்பு. வெள்ளையடிப்பது, ரேக் மாட்டுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற வேலைகளை நாமும் கடை ஆட்களுமாகச் செய்து கூலியை மிச்சப்படுத்துகிறோம். இதில் தவறில்லை. பெயிண்ட் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆனால், பிசகினால் உயிரையே வாங்கும் வேலைகள் மூன்று உண்டு. அவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

சுவரும் தளமும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளில் பல கடைகள் முதலில் வீடாகக் கட்டப்பட்டவை. தூண் இல்லாத பழைய வீட்டில் 9 அங்குலச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. ஷட்டர் வைக்க அதை இடிக்குமுன் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

மாடியைக் கிடங்காக்குவோர் ஒரு கணக்கைக் கவனிக்கவும். இந்தியத் தர நிர்ணயப்படி குடியிருப்பின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்கே கணக்கிடப்படுகிறது. சில்லறைக் கடைக்கு 400 கிலோ. கிடங்குக்கு அதைவிட அதிகம். அப்படியானால் 10க்கு 10 அடி அறையில், சமமாகப் பரப்பினாலும், 25 கிலோ அரிசி மூட்டை 74தான் வைக்கலாம். நாமோ ஒரே மூலையில் பத்து வரிசை உயரம் அடுக்குகிறோம்!

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பாரம் தாங்காத கட்டடம் சொல்லிவிட்டு விழுவதில்லை.

மின்சாரம்

விளக்குக்குப் போட்ட ஒயரில் ஃப்ரீசரை மாட்டுவதும், ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டுவதும் நாமே தீக்கு வழி செய்வதாகும். கம்பி உருகுவது, சுமை மிஞ்சியதைக் காட்டும் எச்சரிக்கை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு தனி லைன் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அப்படி நீரில் நனைந்த சுவிட்ச் போர்டு வெயிலில் காய்ந்துவிட்டால் மட்டும் போதாது. எலெக்ட்ரீஷியன் மெக்கர் வைத்துச் சோதித்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

செப்டிக் டேங்க்

இதில் நாமும் இறங்கக் கூடாது. கூலி கொடுத்து ஆளையும் இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் விஷவாயு நொடியில் ஆளைச் சாய்க்கும். தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவ்வகை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற லாரியை அழைப்பதே முறை.

ஆளை அமர்த்தும்போது

சரக்கு வாங்கும்போது சாம்பிள் பார்க்கிறோம். இரண்டு இடத்தில் விலை கேட்கிறோம். பில் இல்லாமல் வாங்குவதில்லை. இதிலும் அதே முறைதான். முன்பு செய்த வேலையை நேரில் பாருங்கள். உரிமத்தைக் கேளுங்கள். வேலை, பொருள், தொகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள்.

பிசகினால் பணம் மட்டுமே போகும் என்றால் நாமே செய்து பார்க்கலாம். உயிர் போகும் என்றால் கூலியைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.