குடும்ப வரவு செலவுக் கணக்கும் வருஷ சேமிப்பும்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் சங்கத்தின் கணக்கு ஒழுங்காயிருக்க வேண்டுமென்று விரும்புகின்றனர். மகாசபையில் வரவு செலவு வாசிக்கப்படும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்து காரணம் கேட்கின்றனர். அது நியாயமே. ஆனால் அவ்வாறு கேட்பவரின் வீட்டிலே, சென்ற வருஷம் என்ன வந்தது, என்ன போயிற்று, என்ன நின்றது என்று எழுதிய ஒரு தாளேனும் உண்டா என்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அங்கத்தினர் குடும்பங்களின் தொகுதியே சங்கம். குடும்பங்கள் கடனில் மூழ்கினால் சங்கம் மட்டும் மிதக்க இயலாது. ஆகையால் குடும்பக் கணக்கும் சங்கத்தின் காரியமே என்று கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இருவகை வருமானம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களின் நிலை ஒருவிதத்தில் விசேஷமானது. முன்காலத்தில் இங்கே கேழ்வரகும் அவரையும் கொள்ளும் மாங்காயுமே ஜீவாதாரம். 1970ஆம் ஆண்டுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1980ஆம் ஆண்டுகளில் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் முதலியவற்றைச் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் வேலை தொடங்கின. அதுமுதல் ஒரே வீட்டில் தகப்பனார் தோப்பிலும், மகன் தொழிற்சாலையிலும், தாயார் பால் மாட்டோடும் உழைப்பது சாதாரணக் காட்சியாயிற்று. சம்பளம் மாதந்தோறும் வருகிறது. பால் பணம் மாடு கறக்கும் வரையில் வருகிறது. மாங்காய்ப் பணம் வருஷத்தில் ஒரு முறை வருகிறது. மாதப் பணத்தை எதிர்பார்த்துத் தவணைக் கடன் வாங்குவதும், ஒருமுறை வரும் பணத்தை வந்த மாதத்திலேயே கரைத்துவிடுவதும் இத்தகைய வீடுகளுக்கு நேரும் இரண்டு ஆபத்துகள். மாதக் கணக்கு மட்டும் பார்ப்பவர்க்கு இவை தெரியமாட்டா. பன்னிரண்டு மாதத்தையும் ஒரே தாளில் கண்டால்தான் தெரியும்.

சட்டம் செய்யக்கூடியதும் கூடாததும்

குடியானவரின் கடன் இந்நாட்டில் புதிய விஷயமன்று. சென்னை ராஜதானியில் விவசாய பாங்கிகளைப்பற்றி விசாரித்த பிரெடரிக் நிக்கல்ஸன், 1895ஆம், 1897ஆம் ஆண்டுகளில் வெளியான தம் அறிக்கையில், ஜெர்மனியில் ரெய்பீஸன் நிறுவிய கிராமச் சங்கங்களைப் போன்றவை இங்கும் தேவையென்றார். சிக்கனமும் சுயஉதவியும் அவற்றின் அஸ்திவாரமாக இருக்கவேண்டுமென்றும் வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே நம் ராஜதானியின் முதற் கிராமச் சங்கம் திருவள்ளூரை அடுத்த திரூரில் தொடங்கிற்று.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்தபோது, 1938ஆம் ஆண்டில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. அசலைப்போல் இருமடங்கு தொகை ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளுள் ஒன்று. இதில் நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், இருமடங்கு கட்டியிருப்பதை மெய்ப்பிக்க ரசீதோ குறிப்போ வேண்டும். கணக்கு வைத்திராதவனுக்குச் சட்டத்தின் முழுப் பயனும் எட்டுவது அரிது. மேலும், சட்டம் பழைய கடனை ஒருமுறை குறைக்கலாம். புதுக்கடன் வாசற்படி ஏறாமற் காப்பது வீட்டுக் கணக்கின் வேலை.

ஓர் உதாரணக் குடும்பம்

விஷயம் தெளிவாக விளங்கும்பொருட்டு, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஒரு கிராமத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். அவர்களுக்குத் தனியாரிடம் 50,000 ரூபாய் கடன்; வட்டி நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அவர்களது வருஷக் கணக்கு பின்வருமாறு.

வரவு
தொழிற்சாலைச் சம்பளம், மாதம் 16,000 வீதம் – ரூ. 1,92,000
பால், மாதம் 6,000 வீதம் 9 மாதம் – ரூ. 54,000
மாங்காய் – ரூ. 60,000
ஆக மொத்தம் – ரூ. 3,06,000

செலவு
உணவுச் சாமான்கள், மாதம் 9,000 வீதம் – ரூ. 1,08,000
மாட்டுத் தீவனம், மாதம் 2,000 வீதம் – ரூ. 24,000
பஸ், மின்சாரம், எரிவாயு, கைப்பேசி, மாதம் 3,000 வீதம் – ரூ. 36,000
வைத்தியம், மாதம் 1,000 வீதம் – ரூ. 12,000
சில்லறைச் செலவு, மாதம் 1,000 வீதம் – ரூ. 12,000
பள்ளிக்கூடச் செலவு – ரூ. 20,000
தோப்புச் செலவு – ரூ. 18,000
துணிமணி, பண்டிகை – ரூ. 20,000
மொய், உறவினர் விசேஷங்கள் – ரூ. 14,000
கடன் வட்டி – ரூ. 18,000
ஆக மொத்தம் – ரூ. 2,82,000

மிச்சம் ரூ. 24,000 என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் கணக்கெழுதாத வீட்டில் இம்மிச்சம் கண்ணிற் படுவதேயில்லை. இன்னதற்கென்று குறிக்கப்படாத பணம் இன்னதற்கென்று தெரியாமலே போய்விடும். அசல் 50,000மோ அப்படியே நிற்கிறது. முப்பத்துநான்காவது மாதத்தில் கட்டிய வட்டி 51,000 ஆகி அசலைத் தாண்டிவிடும். அப்பொழுதும் அசலில் ஒரு ரூபாய் குறைந்திராது.

இனி மாங்காய் விலை சரிந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் பெங்களூரா மாங்காயின் விலை வீழ்ந்து இவ்வட்டாரத்து விவசாயிகள் பட்ட துன்பம் மறக்கக்கூடியதன்று. தோப்பு வருமானம் பாதியாய் 30,000 ஆனால், இக்குடும்பத்துக்கு 6,000 ரூபாய் பற்றாக்குறை, புதுக்கடன் நிச்சயம். அதே குடும்பம் கடனற்றதாயிருந்தால், வட்டி 18,000 மீந்து, அதே கெட்ட வருஷத்திலும் 12,000 ரூபாய் கையிலிருக்கும். மழையையும் மார்க்கெட்டையும் நம்மால் ஆள முடியாது. வட்டியை ஒழிக்க முடியும். ஆகவே இத்தகைய குடும்பத்தின் முதல் வருஷச் சேமிப்புக் குறிக்கோள், கடனைத் தீர்ப்பதேயாகும்.

குறிக்கோளை அடையும் வழி

கணக்கு வருஷத்தை ஆனி மாதத்தில் தொடங்குக. அப்பொழுதுதான் பெங்களூரா மாங்காய்ப் பணம் கைக்கு வருகிறது. பள்ளிக்கூடச் செலவும் அப்பொழுதே வருகிறது. 60,000 ரூபாயில் பள்ளிக்கு 20,000, அடுத்த பருவத்துத் தோப்புச் செலவுக்கு 18,000 ஒதுக்கியபின் 22,000 மிஞ்சும். அதில் 20,000 ரூபாயை அன்றே அசலிற் கட்டி, ரசீதும் பெறவேண்டும். கடன் 30,000 ஆகும். மாத வட்டி 1,500லிருந்து 900 ஆகும். வருஷத்தில் 7,200 ரூபாய் இதனாலேயே மீதமாகிறது.

அடுத்து, மாடு கறக்கும் ஒன்பது மாதங்களில் மாதம் 1,200 ரூபாயைப் பால் பணம் வந்த அன்றே சங்கத்துச் சேமிப்புக் கணக்கிற் கட்டுக. மேலும் 300 ரூபாய் தனியே வைத்துவந்தால், மாடு வற்றும் மூன்று மாதத்து வட்டியாகிய 2,700 அதில் அடங்கும். ஒன்பது மாதத்துச் சேமிப்பு 10,800. மறு வருஷம் ஆனியில் மாங்காய்ப் பணத்திலிருந்து மீண்டும் 20,000 எடுத்து இதனுடன் சேர்த்தால் 30,800. கடன் 30,000மும் தீர்ந்தது! இரண்டு மாங்காய்ப் பருவத்துக்குள், ஒருவேளைச் சாப்பாட்டையும் குறைக்காமல், ஒரு குடும்பம் விடுதலை பெறுகிறது.

இடையிலே சங்கத்தில் நகைக்கடன் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் கிடைத்து, தனியார் கடனை அடைத்தால், 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000 மிச்சமாகும். கடன் இன்னும் விரைவில் தீரும். பயிர்க்கடனை உரிய நாளிற் கட்டுவோர்க்குத் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் வட்டியே இல்லையென்பதையும், நாள் தவறினால் அச்சலுகை போய்விடுமென்பதையும் அங்கத்தினர் மறக்கலாகாது. அந்த நாளைக் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிவைத்தல் நலம்.

கணக்கு எழுதும் முறை

1. கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தேதி, விவரம், தொகை என மூன்று பத்திகள்.

2. அன்றன்று இரவே எழுதுக. கைப்பேசி வழியாகச் செலுத்தும் பணம் கையைத் தொடாமலே போவதால் மனத்தில் நிற்பதில்லை. அதனை விடாமற் குறிக்கவேண்டும்.

3. சொந்த நிலத்துக் கேழ்வரகைக் களிக்கு வைத்துக்கொண்டால், மூட்டைக் கணக்கைத் தனிப் பக்கத்தில் எழுதுக. விற்காவிட்டாலும் அது வருமானமே.

4. தொழிற்சாலைச் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படும் தொகையையும் குறித்துவருக. தொழிலாளியின் பங்கோடு முதலாளியின் பங்கும் சேர்கிறது. அது முதுமைக்குரிய சேமிப்பு. வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவிடத்தக்கதன்று.

5. மொய் வாங்கியதும் செய்ததும் தனியே இருக்கட்டும். வாங்கிய மொய் திருப்பவேண்டிய கடனே.

6. மாதக் கடைசியில் குடும்பத்தார் யாவரும் கூடியிருக்கும்போது கூட்டுத்தொகையை உரக்க வாசிக்கவேண்டும். எங்கே மிகுந்தது என்று பேசலாம். ஒருவரையொருவர் குறைகூறுதல் ஆகாது. குறைகூறினால் மறுமாதம் செலவு மறைக்கப்படும். மறைத்த கணக்கால் பிரயோஜனமில்லை.

பெண்மக்கள் காட்டிய வழி

“கணக்கெழுதப் படித்தவர் வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். இதற்கு இம்மண்ணிலேயே விடை உண்டு. 1989ஆம் ஆண்டில், கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலில் அம்மாவட்டத்திலேயே தொடங்கப்பட்டது. எழுத்தறியாப் பெண்மக்களும் சிறு குழுக்களாகக் கூடி, சிறு தொகைகளைச் சேமித்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்து வாங்கினர். கூட்டத்தில் யாவரும் கேட்கக் கணக்கு வாசிக்கப்பட்டதால், எழுதத் தெரியாதவர்க்கும் தம் தொகை தெரிந்திருந்தது. இந்த முறை பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. குழுவிலே கணக்குக் கேட்கும் அந்தத் தாய்மார்களே வீட்டுக் கணக்கையும் நடத்தத் தகுதியுடையோர். பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ எழுதட்டும், தாயார் சொல்லட்டும், தகப்பனார் ஒளிக்காமல் தம் செலவைக் கூறட்டும்.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. அங்கத்தினர் ஒவ்வொருவரும் வரும் மாதம் முதல் தேதியில் ஒரு புத்தகம் வாங்கி, தம் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த மாதத்தில் எந்தப் பணத்தைக்கொண்டு அதைத் தீர்ப்பது என்ற மூன்றையும் முதற் பக்கத்தில் எழுதுவாராக. அவ்வாறெழுதிய குடும்பம் பாதி வழி கடந்ததாகும். மறுபாதியைக் கடக்கச் சங்கம் துணை நிற்கும்.