உழவனின் எருதும் ஆயர்களின் ஆணையும்

கி.பி. 989-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் ஷாரூ என்னும் துறவு மடத்தில் ஆயர்கள் சிலர் கூடினர். கோயிலைச் சூறையாடுபவன், படைக்கலம் ஏந்தாத குருவைத் தாக்குபவன், ஏழை உழவனின் எருதையோ ஆட்டையோ கவர்ந்து செல்பவன் ஆகிய மூவரும் ஈடுசெய்யாவிடில் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்று ஆணையிட்டனர்.

ஓர் எருதைக் காக்க ஆயர்கள் கூடவேண்டிய தேவை யாது? மாமன்னன் சார்லமேன் கட்டியெழுப்பிய பேரரசு 843-இல் அவன் பேரர் மூவரிடையே பங்கிடப்பட்டது. வடக்கிலிருந்து வைக்கிங்கு மக்கள் படையெடுத்தனர். அரசனின் கை தளர்ந்தது. கோட்டை உடையவனே ஆட்சியாளன் ஆனான். கோட்டைத் தலைவர்கள் தம்முள் பொருதபோது, பகைவனின் குடிமக்களுடைய பயிரைக் கொளுத்தினர். கால்நடைகளை ஓட்டிச் சென்றனர். முறையிட நீதிமன்றம் இல்லை.

ஆகவே ஆயர்கள் புனிதர்களின் திருப்பண்டங்களைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்தனர். திரண்ட மக்கள் முன்னிலையில் வீரர்கள் அவற்றின்மீது ஆணையிட்டனர். இதுவே ‘கடவுளின் சமாதானம்’ எனப்பட்டது. 1027-இல், பிரனீசு மலையடிவாரத்துத் துலூஜ் என்னும் ஊரில், சனி மாலை முதல் திங்கள் காலை வரை எவரும் பகைவனைத் தாக்கலாகாது என விதிக்கப்பட்டது. பின்னர் இத்தடை புதன் மாலையிலேயே தொடங்கியது. வியாழன் ஆண்டவரின் விண்ணேற்றத்தையும், வெள்ளி பாடுகளையும், சனி அடக்கத்தையும், ஞாயிறு உயிர்ப்பையும் நினைவூட்டும் நாட்கள் அல்லவா?

இம்முயற்சி முழு வெற்றி பெற்றதென்று கூறுவதற்கில்லை. ஆணையை மீறினோர் பலர். 1038-இல் பூர்ஜ் நகரப் பேராயர் சமாதானம் காக்கவென்றே படை திரட்டினார். அப்படையே ஒரு கோட்டையை உள்ளிருந்தோருடன் எரித்தது. பின்னர்த் தானும் தோற்று அழிந்தது. 1095-இல் கிளெர்மோன் சங்கத்தில் இச்சமாதானத்தை உறுதிப்படுத்திய பாப்பரசர் இரண்டாம் உர்பானே, அதே சங்கத்தில் சிலுவைப் போருக்கும் அழைப்பு விடுத்தார். இவற்றை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1155-இல் பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயி, சுவாசோன் நகரில் பத்தாண்டுச் சமாதானத்தைத் தானே அறிவித்தான். ஆயர்கள் ஏற்ற பொறுப்பை அரசு தன் கடமையாக ஏற்கத் தொடங்கியது.

அன்பர்களே, வலியவனின் வாளுக்கும் எல்லை உண்டு என்னும் எண்ணம் அரசவையில் மட்டும் பிறந்ததன்று. எருதை இழந்த ஏழையின் கண்ணீரும் அதற்கு வித்தாயிற்று. நம் ஊர்ச் சண்டைகளிலும் யாருடைய எருது பறிபோகிறது என்று முதலில் கேட்போமாக.