மேக் வீல் போட்ட வண்டிக்கு விலை ஏன் இறங்குகிறது?

நாலு மேக் வீல், அதற்கேற்ற நாலு டயர், பின்பக்கம் ஒரு ஸ்பாய்லர், டிக்கியில் ஒரு சப்-ஊஃபர். போட்டவர் கணக்கில் இது ஒரு லட்சத்தைத் தொடும். வண்டலூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையோரக் கார் கன்சல்டிங் ஒன்றில் அந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணே, வீலும் டயரும் மட்டும் அறுபதாயிரம் ஆச்சுண்ணே.”

“சரி தம்பி, கம்பெனி வீல் வீட்ல இருக்கா?”

இருக்கிறது என்றால் பேரம் தொடரும். இல்லை, அப்போதே கடையில் கொடுத்துவிட்டேன் என்றால் கன்சல்டிங்காரர் மனதில் ஒரு தொகையைக் கழித்துவிடுவார். அந்த வீல் மட்டமானது என்பதல்ல அவர் எண்ணம். அதை வேறு ஒருவருக்கு விற்க வேண்டியவர் அவர். அந்த வேறு ஒருவர் யார் என்பதில்தான் விலை இருக்கிறது.

தென்சென்னைப் புறநகரில் பழைய கார் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் முதல் கார் வாங்கும் குடும்பத்தினர். ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ வீட்டுக்கடனோடு குடியேறியவர். கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர். ஊருக்குப் போக கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்று அலுத்தவர். இவர்கள் கேட்பது ‘சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், கை படாத வண்டி’. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் முதலில் பார்ப்பது பளபளக்கும் வீலை அல்ல, வீல் வளைவுக்குள் டயர் உரசிய தடம் இருக்கிறதா என்பதை.

பழைய கார் சந்தையின் இந்தச் சந்தேகத்தை வைத்தே அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பிரசுரிக்க முதலில் சில ஆய்விதழ்கள் மறுத்தன. 2001-ல் அந்தச் சிந்தனைக்காகவே நோபல் பரிசு கிடைத்தது. வாதம் எளியது. வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்கமாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கமாட்டார். ஆக, சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள்.

மாற்றம் செய்த வண்டி இந்தத் தெரியாமையை இன்னும் பெருக்குகிறது. மேக் வீல் போட்டவர் வண்டியைப் பிள்ளைபோல் வைத்திருந்தவராக இருக்கலாம். அவுட்டர் ரிங் ரோட்டில் ராத்திரியில் விரட்டியவரும் அதே வீலைத்தான் போட்டிருப்பார். இருவரில் யார் என்று வீலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லவருக்குக் கொடுக்கவேண்டிய விலையிலிருந்து மற்றவரால் வரக்கூடிய நஷ்டத்தையும் சேர்த்தே கழிப்பார்கள்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு தனிச் சந்தேகமும் உண்டு: வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நின்ற கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. தண்ணீர் ஏறிய வண்டியில் ஒயரிங் மாற்றியிருப்பார்கள், சீட் கவர் புதிதாக இருக்கும், தரைவிரிப்பு புதிதாக இருக்கும். ஆடியோ செட்டும் எல்.இ.டி. விளக்கும் போட ஒயரை வெட்டி டேப் சுற்றிய வண்டியிலும் இதே அடையாளங்கள்தான். ஆசைக்காகச் செய்த வேலைக்கும் மறைப்பதற்காகச் செய்த வேலைக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமில்லை என்றால், வாங்குபவர் எதை நினைப்பார்? எனக்கென்னவோ, மாற்றங்களில் விலையை அதிகம் அடிப்பது வீல் அல்ல, வெட்டிய ஒயர்தான்.

இனி வீல். இதில் கொஞ்சம் கணக்கு தேவை. கணக்குப் போட்டவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

2018-ல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்நிலை மாடல்களுக்குக் கம்பெனியே கொடுத்த டயர் 165/80 ஆர்14. மேல்நிலை மாடலுக்கு 185/65 ஆர்15, மேக் வீலோடு. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் முதல் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது சுமார் 621. வீல் ஓர் அங்குலம் பெரிதாகியும் சக்கரம் பெரிதாகவில்லை. கம்பெனி செய்ததும் வீல் மாற்றம்தான். ஆனால் மொத்த உயரத்தைக் கட்டிப்போட்டுவிட்டுச் செய்தது.

இப்போது அதே வண்டிக்கு, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டும் என்று 205/60 ஆர்16 போடுகிறார் ஒருவர். உயரம் 652 மி.மீ. ஆகிறது, 5 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. எனவே அது முன்பு காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே: மீட்டரில் 50,000 ஏறியிருந்தால் வண்டி ஓடியது 52,500 அளவில் இருக்கும். மீட்டரைத் திருப்பிவிட்டார்களோ என்று எப்போதும் சந்தேகப்படும் சந்தையில், யாரும் திருப்பாமலே குறைந்து காட்டும் மீட்டர் இது.

உயரத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு 17 அங்குலம் போடுபவரும் உண்டு. 205/45 ஆர்17 என்றால் உயரம் 616 மி.மீ., பிரச்சினையில்லை. ஆனால் ரப்பரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 14 அங்குல வீலில் 132 மி.மீ. இருந்தது 92-க்கு வந்துவிட்டது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். மழைக்குப் பிறகு முடிச்சூர் சாலையில் போய்வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரும்பு வீல் அடிபட்டால் நெளியும், தட்டி எடுக்கலாம். மேக் வீல் அலுமினியக் கலவை, வெடிக்கவும் கூடும். வெடித்ததை வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது. அதனால்தான் விவரமான மெக்கானிக் வீலின் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கிறார்.

உள்பக்கத்தில் இன்னொன்றும் தெரியும். வீலின் அளவும் தாங்கும் எடையும் அங்கே அச்சு வார்க்கப்பட்டிருக்கும். ஜப்பானியத் தரமென்றால் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்து இருக்கும். வாகன ரிம்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2020-ல் பிறப்பித்தது. எந்த எழுத்தும் இல்லாத வீல் என்றால் விலை பேசும்போது அதைப் பழைய அலுமினியமாகவே பாவிப்பது நல்லது.

அப்புறம் ஸ்டெப்னி. நாலு வீல் மாற்றுகிறவர்கள் ஐந்தாவதை மாற்றுவதில்லை, காசு மிச்சம். டிக்கியைத் திறந்து பார்த்தால் பழைய இரும்பு வீல் அப்படியே கிடக்கும். வண்டி எந்த மாடலாகப் பிறந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். ‘டாப் மாடல் சார்’ என்ற வார்த்தை அங்கே செத்துப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களும் உற்பத்தியாளர் சொன்ன விவரங்களும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. சாலையில் இதெல்லாம் எப்போதும் அமலாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விற்கும்போது அந்த அபராதமும் வண்டியோடு கைமாறுகிறது. பிடிபடப்போவது புது உரிமையாளர். அவர் அதையும் விலையில் கழித்துக்கொள்வார்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்பது 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பக்க இரும்புக் கம்பியை, அதாவது புல் பாரை, மத்திய அரசு 2017 டிசம்பரில் தடுக்கச் சொன்னது. இவை இரண்டும் கழற்றிவிடக் கூடியவை. விற்பதற்கு முன் கழற்றிவிடுங்கள், அவ்வளவுதான். வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாத நிறத்தோடு பெயர் மாற்றத்துக்குப் போனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்வி வரும்.

இன்ஷூரன்ஸில் வெளியிலிருந்து மாட்டிய பொருளைச் சொல்லிச் சேர்க்கலாம். மின் சாதனங்களுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது பழைய கட்டண விதி. சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பின் அந்தப் பொருளுக்கு இழப்பீடு கேட்க முடியாது. சொன்னாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வண்டிக்கு உள்ள தேய்மானக் கணக்கே இவற்றுக்கும். ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம், நாலு வருடம் தாண்டினால் 50. அறுபதாயிரத்து வீலை ஐந்தாம் வருடம் முப்பதாயிரமாக இன்ஷூரன்ஸே மதிக்கிறது. கன்சல்டிங்காரர் அதற்கும் கீழே பேசுவதை அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

எஞ்சினைத் தொட்டவர்கள் கதை வேறு. டீசல் டர்போ வண்டிகளில் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து வேகம் கூட்டுவது நகரத்து இளைஞர்களிடம் உண்டு. வெளியே ஒரு தடமும் தெரியாது. கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்கவேண்டியதைவிட அதிகம் தாங்கியிருக்கும். இதைச் சொல்லி விற்றால் பத்துப் பேரில் ஒருவர் கூட வாங்கமாட்டார், சொல்லாமல் விற்பது ஏமாற்று. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கம் பழகியவர்களுக்குள் இப்படிப்பட்ட வண்டி நல்ல விலைக்கே கைமாறுவதுண்டு. அவர்களுக்கு என்ன செய்திருக்கிறது, யார் செய்தார் என்று தெரியும், பில்லைக் கேட்பார்கள்.

ஜெர்மனியில் எல்லா வண்டிக்கும் அந்த நிலைதான். அங்கே வேறு வீல் மாட்டினால் அதற்கு அனுமதிப் பத்திரம் இருக்க வேண்டும். வீலிலேயே அரசு வாகன அலுவலகத்தின் எண் அச்சாகியிருக்கும். தேவைப்பட்டால் பரிசோதகர் பார்த்து வண்டியின் ஆவணத்தில் ஏற்றுவார். மாற்றம் காகிதத்தோடு வருகிறது, சந்தேகத்துக்கு இடம் குறைவு. நம்மிடம் அதற்கு ஓரளவு நெருங்குவது சி.என்.ஜி. கிட்தான். அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்.சி.யில் பதிவு, இன்ஷூரன்ஸில் சேர்ப்பு. மூன்றும் இருந்தால் போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது திரும்புகிறது. பதிவில்லாத கேஸ் கிட்டை வாங்குபவர் குண்டாகவே பார்க்கிறார்.

திரும்பக் கிடைக்கும் மற்ற மாற்றங்கள் எல்லாம் ஒரே சாயல் கொண்டவை: அதே வண்டியின் மேல்நிலை மாடலில் கம்பெனியே கொடுப்பவை. ரிவர்ஸ் கேமரா, டச் ஸ்கிரீன், மேல் மாடலின் 15 அங்குல வீல், ஒயரை வெட்டாமல் கப்ளரில் சொருகிய விளக்கு. கம்பெனி பில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆகவே பழைய வீலைப் புதிய வீல் வாங்கும் கடையிலேயே தள்ளிவிடாதீர்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்காரர் அதற்குக் கழித்துக்கொள்ளும் தொகை சொற்பம். பரணில் கிடக்கட்டும். விற்கும் நாளில் அதை மாட்டிவிட்டு, மேக் வீலைத் தனியே விற்கலாம். மாருதிக்காரருக்கு இது சுலபம். ஸ்விஃப்ட், ஐ20 உள்ளிட்ட பல சிறிய கார்களின் வீலில் நாலு போல்ட் துளைகளும் 100 மி.மீ. வட்டத்தில் உள்ளன, வாங்க ஆள் கிடைப்பார். போல்ட் வட்டம் ஒன்றாயிருந்தாலும் நடுத்துளையும் ஆஃப்செட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வண்டலூருக்குத் தெற்கே மறைமலைநகரில் ஆலை கொண்ட ஃபோர்டின் ஃபிகோவுக்கும் ஈகோஸ்போர்ட்டுக்கும் மட்டும் இந்த யோசனை சரிப்படாது. அவற்றின் வட்டம் 108 மி.மீ. ஃபோர்டு வீலை மாட்ட இன்னொரு ஃபோர்டுதான் வேண்டும். 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்து, அடுத்த ஆண்டு ஆலையிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியேறியபின் புதிய ஃபோர்டு இங்கே வரவில்லை. அதற்காக அடாப்டர் வைத்து மாருதியில் ஏற்றுபவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். அந்த வண்டியை இன்றும் தேடி வாங்குபவர் ஸ்டியரிங்கின் கனத்துக்காக வாங்கும் ஃபோர்டு பைத்தியமாகவே இருப்பார். மேக் வீல் அவருக்குக் குறையாகப் படாது. மேக் வீலை மாட்டியபடியே காட்டுங்கள், கம்பெனி வீல் நாலையும் டிக்கியில் அடுக்கிவையுங்கள், இரண்டுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்.