கார் ஆயில் மாற்றத்தில் நேரும் பணிமனைத் தவறுகள்

ஆயில் மாற்றம் என்பது கார் எஞ்சினில் உள்ள பழைய மசகெண்ணெயை வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றி, புதிய எண்ணெய் நிரப்பும் வழக்கமான பராமரிப்புப் பணியாகும். இந்தியாவில் ஓடும் பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது இதைச் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். டீலரின் பணிமனையில் நடக்கும் வேலைகளுள் மிக எளியது இது. அதனாலேயே பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த தொழிலாளியிடம், அவசரமான நேரத்தில், ஒப்படைக்கப்படுவதும் இதுதான். சில பத்து ரூபாய் பெறும் ஒரு வாசர் சரியாக அமையாததால் எஞ்சின் முழுவதும் பாழாகிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்பது, தவறு தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் காரின் உரிமையாளர் என்ன செய்தார் என்பதையே பெருமளவு பொறுத்திருக்கிறது.

எண்ணெயின் வேலை

கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் சுழல் தண்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அது பேரிங்குகளை நேரடியாகத் தொடுவதில்லை. பம்ப் அழுத்தத்துடன் அனுப்பும் எண்ணெய், இரண்டுக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று தண்டைத் தாங்குகிறது. அழுத்தம் இல்லாமற்போனால் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உராயும். வெப்பம் மிகுந்து பேரிங் தேயும், இறுதியில் தண்டு இறுகி நின்றுவிடும். மெக்கானிக்குகள் ‘எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். சிறிய பெட்ரோல் கார்களின் எஞ்சினில் இருப்பது 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் மட்டுமே. ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தில் இருப்பதால், நிற்கும்போது சொட்டாக விழும் கசிவு, ஓடும்போது பீச்சலாக மாறிவிடலாம்.

வடிபோல்ட்டும் மரையும்

ஆயில் சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் கீழே உள்ள வடிபோல்ட்டைக் கழற்றித்தான் பழைய எண்ணெய் வெளியேற்றப்படுகிறது. மிகுதியான தவறுகள் நேரும் இடம் இதுவே. போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரால் முறுக்குவதற்குள் வேறு வேலைக்கு அழைக்கப்பட்டுத் தொழிலாளி மறந்துவிடுவது ஒன்று. இப்போல்ட் அன்றே விழாமல், அதிர்வில் சிறிது சிறிதாகத் தளர்ந்து சில நாள் கழித்துக்கூட விழலாம்.

இதற்கு நேர்மாறானது அளவுக்கு மீறி முறுக்குவது. பள்ளி இயற்பியலில் படிக்கும் திருப்பு விசை இங்கே கண்முன் நிற்கிறது. 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடைக்கு ஈடான விசையைக் கொடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர். பல கார்களின் வடிபோல்ட்டுக்கு இந்த அளவை ஒட்டிய முறுக்கே போதும். சரியான எண் ஒவ்வொரு மாடலின் சர்வீஸ் கையேட்டிலும் உண்டு. அதே ஸ்பேனரை வலுவான ஒருவர் உடல் எடையைச் சாய்த்து இழுத்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எளிதில் ஏறிவிடும். அலுமினிய சம்ப்பாக இருந்தால் மரை அழிந்துவிடும். அழிந்த மரையைப் பற்றிச் சொல்லாமல் டெஃப்லான் நாடாவோ பசையோ வைத்து மூடி அனுப்புவது, தவறு என்ற நிலையைத் தாண்டிய மறைப்பு. முறுக்களவு காட்டும் டார்க் ரென்ச் பெரும்பாலான டீலர் பணிமனைகளில் இருக்கும். அது பலகையில் தொங்குகிறதா, கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஃபில்டரில் இரட்டை வளையம்

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனியாமல் புதிய ஃபில்டரைப் பொருத்தினால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் அமைந்துவிடும். பணிமனையில் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது இது பிடித்துக்கொண்டு நிற்கலாம். நெடுஞ்சாலையில் அழுத்தம் கூடியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதையும் வெளியே கொட்டிவிடும். கழற்றிய ஃபில்டரின் விளிம்பில் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க இரண்டு நொடி போதும். பழைய ஃபில்டரைக் காட்டும்படி வாடிக்கையாளர் கேட்பதில் இரண்டு பயன்கள் உள்ளன: வளையமும் தெரியும், ஃபில்டர் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்பதும் தெரியும்.

பிற தவறுகள்

அதிகமாக நிரப்புவதும் தவறே. மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைத் தாங்காது. தானியங்கி கியர் கொண்ட சில கார்களில் கியர் பெட்டியின் வடிபோல்ட்டும் அருகிலேயே இருப்பதால், எஞ்சின் எண்ணெய்க்குப் பதிலாக கியர் எண்ணெயை வடித்துவிடும் விபரீதமும் நடந்திருக்கிறது. அப்போது எஞ்சினில் இருமடங்கு எண்ணெயும், கியர் பெட்டியில் வெறுமையும் இருக்கும். வண்டி புகை கக்கினாலோ, கியர் போட்டும் நகரத் தயங்கினாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

தரம் மாறுவது மெதுவாகக் கெடுக்கும் வகை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற குறியீடுகள் எண்ணெயின் பாகுநிலையைக் காட்டுபவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கேற்ப புகைத்துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய் தேவை. பாகுநிலை பொருந்தினாலும் வேறு வகை எண்ணெய் தொடர்ந்து ஊற்றப்பட்டால் அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். பணிமனைகள் எண்ணெயைப் பெரும்பாலும் பீப்பாயிலிருந்தே எடுப்பதால், பில்லில் அளவோடு தரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நிரப்பு மூடியை மூட மறப்பது, அடித்தகட்டின் ஸ்க்ரூக்களை விட்டுவிடுவது ஆகியவையும் உண்டு.

வண்டியை எடுக்கும் முன்

சமதளத்தில் எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கு நடுவில், மேல்குறியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு வண்டியின் அடியில் ஒரு பார்வை. மறுநாள் காலை, நிறுத்திய இடத்தின் தரையையும் பார்த்துவிடலாம்.

சிவப்பு விளக்கு

எண்ணெய்க் கிண்ணி வடிவச் சிவப்பு விளக்கைப் பலர் ‘எண்ணெய் குறைகிறது’ என்ற நினைவூட்டலாக எண்ணுகின்றனர். பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கைப் போன்றது இது என்ற எண்ணம்தான் பல எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது. அது மட்டத்தை அன்று, அழுத்தத்தைக் காட்டுகிறது; அது எரியும்போது பேரிங்குகளுக்கு எண்ணெய் போதிய அளவு போகவில்லை. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைவது இயல்பு. ஓட்டத்தில் எரிந்தால் பாதுகாப்பாக ஓரம் கட்டி அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

பணிமனைக்குத் தொலைபேசியில் சொன்னால், “பக்கத்துலதானே இருக்கீங்க சார், மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க” என்ற பதில் வரலாம். அதை ஏற்கக் கூடாது. அந்த இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் கெடலாம்; ‘விளக்கு எரிந்தும் ஓட்டினார்’ என்ற வாதமும் டீலருக்குக் கிடைத்துவிடும். ‘அடியில் கல் அடித்திருக்கும்’, ‘வேறு எங்கோ வேலை பார்த்திருக்கிறார்கள்’ என்ற வாதங்களைப் புகைப்படங்கள் முறியடிக்கும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதற்கு மறுமொழி கிடையாது. ரெக்கவரி வண்டியைப் பணிமனைதான் அனுப்ப வேண்டும் என்று கேட்பதே முறை.

காத்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டிய படங்கள்: கிலோமீட்டர் எண் தெரியும் டாஷ்போர்டு, தரையில் கொட்டிய எண்ணெய், போல்ட் அல்லது ஃபில்டர் இருக்கும் இடம், சம்ப்பில் அடிபட்ட தடம் இல்லாதது, டிப்ஸ்டிக். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலாகவும் எழுதிவிட வேண்டும்.

பணிமனையில் அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான்: போல்ட்டை முறுக்கி, எண்ணெய் ஊற்றி, “ஒன்றும் ஆகவில்லை” என்று சாவியைத் தருவார்கள். வெறும் கசிவு, விளக்கே எரியவில்லை என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சொட்டுக்கும் வழக்குத் தேவையில்லை. விளக்கு எரிந்திருந்தால் நிலை வேறு. பேரிங் தேய்மானம் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தட்டும் ஓசையாக வெளிவரக்கூடும். எனவே அழுத்தமானியால் எண்ணெய் அழுத்தத்தை அளந்து தரவும், ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் உள்ளதா என்று உரிமையாளர் முன்னிலையில் பார்க்கவும், நடந்ததை ஜாப் கார்டில் எழுதவும் கேட்க வேண்டும். ‘முழு திருப்தி’ என்ற தாளில் அதற்கு முன் கையெழுத்திடக் கூடாது.

கல் அடித்ததாக எழுதி இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிட வேண்டும். அது பொய்யான கோரிக்கை, கையெழுத்து உரிமையாளருடையது. தயாரிப்பாளரின் வாரண்டியும் இங்கே உதவாது, ஏனெனில் அது தயாரிப்புக் குறைக்கானது. டீலர் தனி நிறுவனம் என்று தயாரிப்பாளர் விலகிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் அவர்களுடைய வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்புவது பல டீலர்களை அசைக்கிறது.

நுகர்வோர் சட்டம்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. கவனக்குறைவான ஆயில் மாற்றம் இச்சட்டப்படி ‘சேவைக் குறைபாடு’. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பது கட்டாயமும் இல்லை. டீலரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை, புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். மறுதரப்பு நோட்டீஸ் பெற்ற மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் நீள்கின்றன. அதுவரை மரை அழிந்த போல்ட், பிதுங்கிய வளையம், அறுத்த ஃபில்டர் ஆகியவற்றைப் பெயர், தேதி எழுதிய உறையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.