எந்தப் புதுக்கோட்டை மழை? பிஎச்பி இணையதளங்களில் 'கேஷ்' அமைப்பது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. இப்படி ஒரு நாளில் போனை கையில் எடுப்பவர்கள் தேடுவது இரண்டே விஷயங்கள்தான். "நம்ம ஊர்ல எவ்வளவு மழை? ஆத்துல எவ்வளவு தண்ணி வருது?"

ஆயிரக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் ஒரே பக்கத்தைத் திறந்தால், சிறிய சர்வரில் ஓடும் உள்ளூர் இணையதளம் திணறும். கொஞ்ச நேரத்தில் "சைட் படுத்துடுச்சு" என்ற புலம்பல் கேட்கும். பிளஸ் டூ ரிசல்ட் நாளிலும் இதே கதைதான்.

இதற்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் மருந்து 'கேஷ்'. அதை நிறுவுவதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் தவறாக அமைத்துவிட்டால், சைட் படுக்காமல் நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு முந்தைய நீர்மட்டத்தை இப்போதைய அளவு போலவே காட்டிக்கொண்டிருக்கும். படுத்துவிட்ட சைட்டைப் பார்த்தவர் வேறு இடத்தில் விசாரிப்பார். தவறான எண்ணைப் பார்த்தவர் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்.

கேஷ் என்றால் என்ன?

பணத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் உச்சரிப்பில் ஒன்று, பொருளில் வேறு. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு மூட்டை உள்ளறையில் இருக்கும். அன்றாடத் தேவைக்குக் கொஞ்சம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். டேட்டாபேஸ்தான் மூட்டை. சர்வரின் ரேம் நினைவகத்தில் வைக்கப்படும் நகல்தான் கேஷ்.

பிஎச்பி-க்கு இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது? ஒரு பக்கத்தைத் தயாரித்து அனுப்பியதும், அதற்காகச் சேகரித்த தகவல்களை பிஎச்பி மறந்துவிடும். அடுத்த வாசகர் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து டேட்டாபேஸைக் கேட்கும். நிமிடத்துக்கு 1,000 பேர் வந்தால் மணிக்கு 60,000 கேள்விகள். பதிலை 60 நொடிகள் மட்டும் கேஷில் வைத்தால், அதே ஒரு மணி நேரத்தில் டேட்டாபேஸுக்குப் போவது ஏறக்குறைய 60 கேள்விகள்தான்.

'ஆப்கேஷ்' என்ற ஒன்று பிஎச்பி 5.5 (2013) முதல் கூடவே வருகிறது. அது சேமிப்பது நிரலின் தயார் வடிவத்தை. மழை அளவு, செய்தித் தலைப்பு போன்ற தரவுகளை அது சேமிக்காது. "ஆப்கேஷ் ஆன்ல இருக்கே, அப்புறம் ஏன் ஸ்லோ?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

மூன்றில் எது உங்களுக்கு?

ஏபிசியு: பிஎச்பி-க்குள்ளேயே இயங்கும் நீட்சி. ஒரே சர்வர் என்றால் இதுவே எளிது, வேகமும் அதிகம். ஆனால் பக்கத்து சர்வருக்கு இது தெரியாது. கமாண்ட் லைனில் ஓடும் நிரலுக்கும் வெப் சர்வரின் ஏபிசியு நினைவகம் தெரியாது. இரவில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்றை எழுதி "கேஷை அழித்துவிட்டேன்" என்று நினைத்தால், வாசகர் பார்க்கும் கேஷ் அப்படியே இருக்கும்.

மெம்கேஷ்ட்: லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-ல் உருவாக்கியது. தனி சேவையாக ஓடும், பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளலாம். பிஎச்பி-யில் இதற்கு 'மெம்கேஷ்', 'மெம்கேஷ்ட்' என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு நீட்சிகள் உண்டு. உங்கள் நிரல் எதைக் கேட்கிறது என்று பார்த்து நிறுவுங்கள்.

ரெடிஸ்: இத்தாலியரான சல்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்டது. பட்டியல், எண்ணிக்கை எனப் பல வடிவங்களில் தரவை வைக்கலாம். டிஸ்கிலும் எழுதி வைக்கும். 2024 மார்ச்சில் இதன் உரிமம் மாறியபோது, அதிலிருந்து கிளைத்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'வால்கி' பிறந்தது. இங்கே ரெடிஸுக்குச் சொல்லும் அமைப்புகள் அதற்கும் பொருந்தும்.

வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறீர்களா? அதன் உள் கேஷ் ஒரு பக்கம் உருவாகும் நேரத்துக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். மேலே சொன்ன மூன்றில் ஒன்றை ப்ளக்-இன் வழியாக இணைத்தால்தான் அடுத்த வாசகருக்கும் பயன்படும்.

எவ்வளவு ரேம் ஒதுக்குவது?

எதையும் மாற்றாவிட்டால் ஏபிசியு 32 எம்பி, மெம்கேஷ்ட் 64 எம்பி எடுத்துக்கொள்ளும். ரெடிஸ் கதை வேறு. 64 பிட் சர்வரில் அதற்கு வரம்பே கிடையாது. நிரம்ப நிரம்ப வளரும். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலை நிறுத்தும். அது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் டேட்டாபேஸாகவே இருக்கும். 2 ஜிபி சர்வரில் 128 அல்லது 256 எம்பி என்று வரம்பு வைத்துத் தொடங்குவது நல்லது.

வரம்பு வைத்தால் மட்டும் போதாது. ரெடிஸ் இயல்பாகப் பழையதை வெளியேற்றாது. இடம் நிரம்பினால் புதியதை ஏற்க மறுக்கும். நீண்ட நாள் தொடப்படாததை முதலில் வெளியேற்றும் 'ஆல்கீஸ் எல்ஆர்யு' கொள்கைக்கு மாற்றுங்கள். ஆனால் லாக்-இன் விவரங்களையும் அதே ரெடிஸில் வைத்திருந்தால், கூட்டம் அதிகமான நேரத்தில் அவையும் வெளியேறி, வாசகர்கள் திடீரென லாக்-அவுட் ஆவார்கள். இரண்டுக்கும் தனித்தனி ரெடிஸ் ஓடட்டும்.

சாவிக்கு என்ன பெயர்?

கேஷில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சாவிப் பெயர் உண்டு. தமிழ் தளங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் ஒரு புதுக்கோட்டை இருக்கிறது. திருச்சிக்குத் தெற்கே மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை இருக்கிறது. 'மழை:புதுக்கோட்டை' என்று சாவி வைத்தால், கடைசியாக எழுதப்பட்ட ஊரின் அளவு இரண்டு ஊர்க்காரர்களுக்கும் போகும். அங்கே தூறல், இங்கே வெள்ளம் என்றால் விளைவை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் 'கோ' எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கேஷுக்கு அவை இரண்டு வெவ்வேறு சாவிகள்.

மூன்றாவது நீளம். மெம்கேஷ்டில் சாவி 250 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. 'புதுக்கோட்டை' என்ற சொல்லில் 12 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகள். அதே சொல் இணைய முகவரியில் சதவீதக் குறிகளாக மாறும்போது 108 பைட்டுகள். முகவரியையே சாவியாக வைத்தால், இந்த அளவில் மூன்று சொற்கள் வந்தாலே வரம்பு தாண்டிவிடும்.

தீர்வு எளிது: ஊர்ப் பெயருக்குப் பதில், டேட்டாபேஸில் அந்த ஊருக்கு உள்ள எண்ணைச் சாவியில் வையுங்கள். முன்னால் தளத்தின் பெயரைச் சேருங்கள். பிஎச்பி-யில் எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் விக்கிப்பீடியாவும் இப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அடையாளப் பெயர், தமிழுக்கு 'டிஏவிக்கி'. அது சாவியின் முன்னால் ஒட்டிக்கொள்வதால் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் மோதிக்கொள்வதில்லை.

எத்தனை நொடி வைக்கலாம்?

எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் வைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். ஊர்ப் பட்டியல் ஒரு நாள் இருக்கலாம். செய்தித் தலைப்புகள் ஐந்து நிமிடம். மழை அளவு, நீர்மட்டம் 60 நொடி. மீனவர்களுக்கான எச்சரிக்கை, பள்ளி விடுமுறை போன்றவற்றை நொடிக்கணக்கை மட்டும் நம்பி விடாதீர்கள். புதிய அறிவிப்பு டேட்டாபேஸில் பதிவான உடனே பழைய சாவியை அழிக்கும்படி நிரலில் எழுதுங்கள். ஆயுள் என்பது அந்த அழிப்பு தவறினால் காப்பாற்றும் இரண்டாவது பாதுகாப்பு.

மெம்கேஷ்டில் 30 நாளுக்கு மேல், அதாவது 25,92,000 நொடிக்கு மேல் ஆயுள் கொடுத்தால், அது அந்த எண்ணை 1970-லிருந்து கணக்கிடும் தேதியாக எடுத்துக்கொள்ளும். விளைவு, தகவல் உடனே காலாவதி. "ரொம்ப நாள் இருக்கட்டும்" என்று பெரிய எண் போட்டவர்களின் கேஷ் காலியாகவே இருப்பது இதனால்தான்.

பக்கத்தில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' கட்டாயம் இருக்கட்டும். அது பக்கம் திறந்த நேரமாக இருக்கக் கூடாது. தகவல் அளக்கப்பட்ட நேரமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தையும் தகவலோடு சேர்த்தே கேஷில் வையுங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால்?

2009 ஜூன் 25-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி வந்ததும், விக்கிப்பீடியாவில் அவரது பக்கத்தை மக்கள் மொய்த்தார்கள். அந்தப் பக்கம் திருத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் கேஷில் இருந்த நகல் செல்லாமல் போனது. பல சர்வர்கள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் புதிதாகத் தயாரிக்க முயன்று திணறின. அதன் பிறகு வந்ததுதான் 'பூல் கவுன்டர்' என்ற ஏற்பாடு. ஒருவர் தயாரிக்கட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும், அல்லது பழைய நகலைப் பார்க்கட்டும்.

சிறு தளத்திலும் இதைச் செய்யலாம். கேஷில் 'தயாராகிறது' என்று ஒரு சிறு பூட்டுச் சாவி வைத்தால் போதும். பல சாவிகள் ஒரே நொடியில் காலாவதியாகாமல் இருக்க, 60 என்பதை 55 முதல் 65 வரை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கதவைப் பூட்டினீர்களா?

2018 பிப்ரவரி 28-ல் கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் தாக்குதல் நடந்தது. இணையத்தில் திறந்து கிடந்த மற்றவர்களின் மெம்கேஷ்ட் சர்வர்களைத்தான் தாக்கியவர்கள் ஆயுதமாக்கினார்கள். மெம்கேஷ்டின் 11211, ரெடிஸின் 6379 ஆகிய போர்ட்களை வெளியே திறக்கவே வேண்டாம். 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்கும்படி அமையுங்கள். மெம்கேஷ்டில் யுடிபி-யை அணைத்துவிடுங்கள், 1.5.6 பதிப்பிலிருந்து அது அணைந்தே வருகிறது. ரெடிஸுக்குப் பாஸ்வேர்டும் வையுங்கள்.

வேலை செய்கிறதா?

இரண்டு எண்களைப் பாருங்கள்: கேஷில் கிடைத்தது எத்தனை, கிடைக்காமல் போனது எத்தனை. பத்தில் ஐந்து முறை கிடைக்கவில்லை என்றால், சாவியிலோ ஆயுளிலோ கோளாறு இருக்கலாம். ஆயுள் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டவை ஏறிக்கொண்டே போனால், ரேம் போதவில்லை.

கடைசியாக ஒரு சோதனை. வாசகர் அதிகம் இல்லாத நேரத்தில் கேஷ் சேவையை நிறுத்திப் பாருங்கள். பக்கம் மெதுவாகவாவது வர வேண்டும். வராமல் நின்றால், உங்கள் நிரல் நகலையே மூலமாக நம்பி ஓடுகிறது என்று அர்த்தம். இணைப்புக்கு ஒரு நொடிக்கும் குறைவான காத்திருப்பு வரம்பு வைத்து, கேஷ் கிடைக்காவிட்டால் டேட்டாபேஸுக்குப் போகும்படி திருத்துங்கள். அடுத்த பருவமழைக்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.