கணையத்தில் கட்டியும் அழற்சியும் சேர்ந்து வந்தால்...

வயிற்று ஸ்கேனில் 'கணையத்தில் நீர்க்கட்டி' என்று வந்தாலே புற்றுநோய் பயம் தொற்றிக்கொள்ளும். கூடவே கணையமும் வீங்கியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அரிதாகச் சிலருக்கு இவை இரண்டும் தனித்தனி நோய்களாகவே இருக்கக்கூடும்.

அழற்சி ஏன்?

இப்படிக் கணையம் வீங்க ஒரு காரணம், நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் கணையத்தையே தாக்கும் 'தன்னுடல் தாக்கு கணைய அழற்சி'. 1995-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இதன் முதல் வகை, 60 வயதைக் கடந்த ஆண்களிடம் அதிகம். ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதம் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். வீங்கிய கணையம் பித்தக் குழாயை நெருக்குவதால் வலியில்லாமல் காமாலை வரும். புதிதாகச் சர்க்கரை நோயும் தலைகாட்டலாம்.

எந்த வகைக் கட்டி?

இந்த அழற்சி உள்ளவர்களிடம் காணப்படும் கட்டிகளில் முக்கியமானது, கணைய நாளத்துக்குள் வளர்ந்து சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் ஐ.பி.எம்.என். கிளை நாளங்களில் வருபவை பெரும்பாலும் சாதுவானவை. முதன்மை நாளத்தில் வருபவை புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம். அழற்சியால் உண்டாகும் பொய்க்கட்டிகளும் உண்டு. அவை சிகிச்சையில் சுருங்கலாம்.

சிக்கல் எங்கே?

காமாலை, எடை இழப்பு, வீக்கம் ஆகியவை அழற்சியிலும் வரும், புற்றுநோயிலும் வரும். கணையப் புற்றுநோயாளிகள் சிலருக்கும் ஐஜிஜி4 கூடியிருக்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவுகட்ட முடியாது. சி.டி., பித்த-கணைய நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஆகிய ஸ்கேன்களோடு, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் செய்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்தும் பார்ப்பார்கள்.

சிகிச்சை

இந்த அழற்சி ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். சில வாரங்களிலேயே வீக்கம் வடியும். வடியாவிட்டால் நோய் வேறா என்று மறுபடி ஆராய வேண்டும். ஆனால் ஐ.பி.எம்.என். கட்டியை ஸ்டீராய்டு கரைக்காது. அதனால், காமாலை தெளிந்துவிட்டது என்று கட்டியை மறந்துவிடக் கூடாது. முதன்மை நாளம் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, கட்டிக்குள் 5 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய, ரத்த ஓட்டமுள்ள முடிச்சு தெரிந்தாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும். மற்றவர்களில் பலருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

* காமாலை என்றதும் கீழாநெல்லியோடு நின்றுவிடாதீர்கள். மலம் வெளிறி, சிறுநீர் அடர்ந்து, உடல் அரித்தால் பித்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.
* ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதைச் சாப்பிடும் நாட்களில் ரத்தச் சர்க்கரை அளவைக் கவனியுங்கள்.
* அழற்சி திரும்பவும் வரலாம். அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.
* புகைப்பழக்கத்தை விடுங்கள்.
* பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். கட்டி வளர்கிறதா என்பதை முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் சொல்ல முடியும்.