யோசனையும் உடைமையும்: நுகர்வோரின் பெயரற்ற உழைப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு பண்டத்தின் பிறப்பைப் பற்றிப் பேசுமிடத்து அதனை உற்பத்தி செய்தோரையும் விற்றோரையும் மாத்திரம் நினைவுகூர்வது வழக்கம். வாங்குபவர் கதையின் இறுதியிலேயே வருகிறார், பணத்தைக் கொடுக்கிறார், பண்டத்துடன் வெளியேறுகிறார். பொருளியற் பாடநூல்கள் நமக்குப் பழக்கிவிட்ட இச்சித்திரம் முழுமையானதன்று. பண்டத்தைப் பயன்படுத்துபவரே அதன் குறையை முதலில் அறிகிறார். அக்குறையை நீக்கும் வழியையும் பல சந்தர்ப்பங்களில் அவரே கண்டுபிடிக்கிறார். அமெரிக்க ஆய்வாளரான எரிக் வொன் ஹிப்பெல் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தாம் எடுத்துக்கொண்ட விஞ்ஞானக் கருவிகளில் ஏற்பட்ட முக்கிய புதுமைகளுள் ஏறத்தாழ 80 சதவீதமானவை அக்கருவிகளைப் பயன்படுத்தியோரிடமிருந்தே தோன்றியவை எனக் காட்டினார்.

இவ்வுண்மையைப் பெருவணிகம் இன்று நன்கறியும். சில்லறை வணிகத்தில் ஈடுபட்டுள்ள பெரும் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரை இணையவழிச் சமூகங்களாக ஒன்றுசேர்க்கின்றன. அவர்களின் யோசனைகளைத் திரட்டுகின்றன. பயன்தரக்கூடியவற்றைப் பண்டமாகவும் சேவையாகவும் மாற்றி விற்கின்றன. யோசனை கூறியவருக்குப் பெரும்பாலும் பணமும் இல்லை, பெயரும் இல்லை. இதனை வணிக நாகரிகம் சம்பந்தப்பட்ட சிறு குறைபாடாகக் கொண்டு ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறன்றி, உழைப்புக்கும் உடைமைக்கும் இடையேயுள்ள பழைய முரண்பாடு புதிய களமொன்றில் வெளிப்படுவதாக இதனை நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2

யோசனை பெறும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. அது தொழிற்சாலையிலே பிறந்தது. ஸ்கொத்லாந்தின் டம்பாட்டன் நகரில் இயங்கிய வில்லியம் டெனி கப்பல் கட்டும் நிறுவனம், வேலை முறைகளைத் திருத்தும் யோசனைகளுக்குத் தொழிலாளருக்குப் பரிசளிக்கும் திட்டமொன்றை 1880இல் ஏற்படுத்தியது. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1898இல் யோசனைப் பெட்டியை வைத்தது. கூடுதலான வெளிச்சம் உள்ளே வருவதற்கு யன்னற் கண்ணாடிகளைக் கழுவவேண்டும் எனக் கூறிய தொழிலாளி ஒருவருக்கு 2 டொலர் பரிசு கிடைத்தது. தொழிலாளியின் கையை மாத்திரமன்றி அவரது அறிவையும் மூலதனம் வேண்டி நின்றமைக்கு இவை சான்றுகள். கொடுக்கப்பட்ட தொகை அற்பமானதே. எனினும் கொடுக்கவேண்டும் என்ற கடப்பாடு அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது என்பது கவனித்தற்குரியது.

அந்தக் கடப்பாடு எத்துணைப் பலவீனமானது என்பதைச் சில்லறை வணிகத்துறையிலேயே நிகழ்ந்த வழக்கொன்று காட்டுகிறது. மசசூசெற்ஸ் மாநிலத்தின் காட்னர் நகரில், சீயர்ஸ் நிறுவனத்தின் கடையொன்றில் விற்பனையாளராக வேலை செய்த பீற்றர் றொபேட்ஸ் என்னும் 18 வயது இளைஞர், 1963இல் தமது ஓய்வு நேரத்தில் ஒரு கருவியைத் திருத்தியமைத்தார். சொக்கெற் ஸ்பனரின் முனையிற் பொருத்தப்பட்ட சொக்கெற்றை, ஒரு பொத்தானை அழுத்தி ஒரு கையாலேயே கழற்றிவிடும் அமைப்பு அது. 1964இல் அதனைத் தமது நிறுவனத்தின் யோசனைத் திட்டத்தினூடாகச் சமர்ப்பித்தார். நிறுவனம் அதனைச் சோதித்து அதன் பயனை அறிந்துகொண்டது. ஆயின் அது பெரிய பெறுமதி உடையதன்று என்ற எண்ணத்தை அவருக்கு ஏற்படுத்தி, கருவியொன்றுக்கு 2 சதம், உச்சமாக 10,000 டொலர் என்ற ஒப்பந்தத்தின் பேரில் 1965இல் உரிமையைப் பெற்றுக்கொண்டது. 1975 வரையில் விற்கப்பட்டவை 19 மில்லியனுக்கு மேல் என்றும், இலாபம் 44 மில்லியன் டொலருக்கு மேல் என்றும் நீதிமன்றப் பதிவுகள் கூறுகின்றன. 1969இல் றொபேட்ஸ் தொடுத்த வழக்கில், நிறுவனம் மோசடி செய்ததென்ற தீர்ப்பையும் 1 மில்லியன் டொலர் வழங்கவேண்டும் என்ற தீர்ப்பையும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் உறுதிசெய்தது. வழக்கு அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

றொபேட்ஸ் வழக்காட முடிந்தமைக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் தமது கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கோரி முன்னரே விண்ணப்பித்திருந்தார். ஆகவே நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்யவேண்டியிருந்தது. பிற்காலத்து வாடிக்கையாளர் சமூகங்களில் இத்தகைய ஒப்பந்தத்துக்கே இடமில்லாது போயிற்று.

3

கணினிகளை நேரடியாக விற்றுவந்த டெல் நிறுவனம் 2007 பெப்ரவரியில் வாடிக்கையாளர் யோசனைகளுக்கென இணையவழி அரங்கொன்றைத் திறந்தது. லினக்ஸ் இயக்கமுறைமை நிறுவப்பட்ட கணினிகளை விற்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே பேராதரவு திரண்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே உபுண்டு நிறுவப்பட்ட கணினிகளை டெல் விற்பனைக்கு விட்டது. கோப்பிக் கடைகளை நடத்தும் ஸ்ரார்பக்ஸ் நிறுவனம் 2008 மார்ச்சில் இத்தகைய அரங்கொன்றை ஆரம்பித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 600 கடைகளை மூடப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது என்பதை இதனுடன் இணைத்து நோக்குதல் வேண்டும். நெருக்கடிக் காலத்திலேயே வாடிக்கையாளரின் அறிவு மூலதனத்துக்குத் தேவைப்பட்டது. நிறுவனத்தின் சொந்தக் கணக்கின்படி முதல் ஐந்தாண்டுகளில் 150,000க்கு மேற்பட்ட யோசனைகள் வந்துசேர்ந்தன, 277 நடைமுறைப்படுத்தப்பட்டன.

இவ்வெண்கள் ஒரு செயன்முறையை உணர்த்துகின்றன. குறையை இனங்காண்பது, தீர்வைச் சிந்திப்பது, அதனை எழுதுவது, பிறர் எழுதியவற்றைப் படித்து வாக்களித்துத் தரம் பிரிப்பது ஆகிய அனைத்தும் முன்னர் சந்தை ஆய்வுக்கென நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துச் செய்வித்த வேலைகள். அவை இப்பொழுது மக்களின் ஓய்வு நேரத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. தேர்ந்தெடுக்கப்படாத யோசனைகளும் வீணாவதில்லை. நுகர்வோர் எதனை விரும்புகின்றனர் என்பதைப் பற்றிய தகவற் களஞ்சியமாக அவை நிறுவனத்தின் கையில் எஞ்சுகின்றன.

இத்தகைய அரங்குகளில் நுழையும் ஒருவர் நீண்ட நிபந்தனைப் பத்திரமொன்றை ஏற்றுக்கொண்டே நுழைகிறார். யோசனை இரகசியமானதாகக் கருதப்படமாட்டாது, அதனை நிறுவனம் விரும்பியவாறு பயன்படுத்தலாம், அதற்கென எவ்வித கொடுப்பனவும் செய்யக் கடப்பாடில்லை என்பன அவற்றில் வழக்கமாகக் காணப்படும் வாசகங்கள். சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கே உரியது, கருத்துக்கு அன்று என்பது 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலும், 1994இல் உருவான சர்வதேச வர்த்தக உடன்படிக்கையிலும், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இடம்பெறும் கோட்பாடு.

கருத்து எவருக்கும் உடைமையாகாது என்பது தன்னளவில் முற்போக்கான கோட்பாடே. அதனை நாம் எதிர்க்கவேண்டியதில்லை. ஆயின் அது நடைமுறையிற் செயற்படும் விதத்தை நோக்குக. வாடிக்கையாளரின் வாயிலிருந்து வரும்வரை கருத்து அனைவருக்கும் பொதுவானது. நிறுவனத்தின் வாசலைக் கடந்தபின் அது வணிகச் சின்னமாகவும், வடிவமைப்பு உரிமையாகவும், வணிக இரகசியமாகவும் தனியுடைமை ஆகிவிடுகிறது. பொதுமை ஒரு பக்கத்தாருக்கு மாத்திரம் விதிக்கப்படுகிறது.

4

இதனைச் சுரண்டல் எனலாமா என்ற வினா இங்கு எழுகிறது. 2000ஆம் ஆண்டளவில் இணையத்தின் 'இலவச உழைப்பு'ப் பற்றி எழுதிய திசியானா தெரனோவா முதலியோர் தொடக்கி வைத்த விவாதம் இன்னும் முடிவுறவில்லை. கண்டிப்பான பொருளில் நோக்கின், வாடிக்கையாளர் தமது உழைப்புச் சக்தியை விற்றவர் அல்லர். அவருக்குக் கூலியும் இல்லை, வேலை நேரமும் இல்லை. ஆகவே கூலி உழைப்பாளியிடமிருந்து உபரிப் பெறுமதி பறிக்கப்படும் முறையை அப்படியே இங்குப் பொருத்திப் பார்ப்பது கோட்பாட்டுக் குழப்பத்துக்கே இட்டுச்செல்லும்.

மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகத்தில் கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயம் நமக்குக் கூடுதலாக உதவுகிறது. பலர் ஒன்றுகூடி உழைக்கும்பொழுது தோன்றும் புதிய ஆற்றலுக்கு மூலதனம் எதனையும் செலுத்துவதில்லை. செலவின்றிக் கிடைப்பதனால் அது மூலதனத்துக்கே இயல்பாக உரிய ஆற்றல்போலத் தோற்றமளிக்கிறது என்று அவர் காட்டுகிறார். அதே நூலில், 18ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளுள் தனியொருவருக்கே உரியவை எத்துணைச் சிலவென்பதைத் தொழில்நுட்பத்தின் விமர்சன வரலாறு வெளிப்படுத்தும் எனவும் அவர் குறிப்பிடுகிறார். வாடிக்கையாளர் சமூகத்தின் அறிவும் இத்தகைய சமூக ஆற்றலே. அது இலவசமாகப் பெறப்படுகிறது; பின்னர் நிறுவனத்தின் 'புதுமை புனையும் திறன்' என்ற பெயரில் விளம்பரமாகத் திரும்பி வருகிறது.

இதற்கு மறுப்புகள் இல்லாமலில்லை. ஒரே யோசனையைப் பலர் கூறுகின்றனர். அதனைச் செயற்படுத்துவதற்கே பெருமுயற்சி வேண்டும். யோசனை கூறியவருக்குச் சிறந்த பண்டம் கிடைக்கிறது, அதுவே கைம்மாறு என்பர். முதலாவது மறுப்பில் உண்மை உண்டு. ஆயின் பலர் கூறினர் என்பது அது பலரின் ஆக்கம் என்பதற்கே சான்றாகுமன்றி, நிறுவனத்தின் ஆக்கம் என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது மறுப்பை முன்வைப்போர், செயற்படுத்தும் முயற்சியிற் பெரும்பகுதி கடையிலே நாள்முழுதும் நின்று வேலைசெய்யும் ஊழியருடையது என்பதை மறந்துவிடுகின்றனர். மூன்றாவதைப் பொறுத்தவரை, தாம் கூறிய யோசனையால் உருவான பண்டத்தையும் வாடிக்கையாளர் முழு விலை கொடுத்தே பெறுகிறார் என்பது போதிய விடையாகும்.

5

இலக்கிய மாணவர்களாகிய நமக்குப் பெயரின்மை புதிய விடயமன்று. நாட்டார் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அப்பாடல்களை ஆக்கியோரும் பாடியோரும் கேட்டோரும் ஒரே சமூகத்தவராய் இருந்தமையால் அங்கே பெயர் வேண்டப்படவில்லை; பாடலிலிருந்து ஒருவர் இலாபமடைய மற்றவர் அதனை இழக்கும் நிலையும் இருக்கவில்லை. சந்தையின் பெயரின்மை இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் ஒன்று இருக்கிறது. அது நிறுவனத்தின் பெயர். மற்றைப் பெயர்கள் அதன் கீழ் மறைக்கப்படுகின்றன.

பெயர் அறியப்படாத நிலையிலும் ஆக்கியோனை மதிக்க முடியும் என்பதற்குச் சங்கத் தொகைநூல்கள் சான்று. இயற்பெயர் தெரியாத புலவர்கள் சிலரை, அவர்தம் பாடலில் வரும் சொற்றொடராலேயே தொகுத்தோர் குறித்தனர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. பெயரைத் தேடிக் காணமுடியாதவிடத்து, ஆக்கத்திலிருந்தே பெயரைப் படைத்து அளித்த பண்பு அது. நாம் இவ்விடத்து நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். கிராமத்துப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் பாடக்கேட்டு எழுதிய பாடல்கள், தொகுத்தவரின் பெயரை மாத்திரம் அட்டையில் தாங்கி நூலாக வந்தமை நமது ஆய்வுலகில் அரிதன்று. நிறுவனத்தை நோக்கி நாம் எழுப்பும் வினா நமது அடிக்குறிப்புகளுக்கும் பொருந்துவதே.

பெயரும் பங்கும் அளிப்பது நடைமுறைச் சாத்தியமற்றது என்று கூறுவதற்கில்லை. விளையாட்டுப் பொருட்களைச் செய்தும் விற்றும் வரும் லெகோ நிறுவனம், 2008இல் யப்பானில் தொடங்கிய திட்டத்தின் வழியாக, 10,000 பேரின் ஆதரவைப் பெற்றுப் பின்னர் நிறுவனத்தாலும் தெரிவுசெய்யப்படும் வடிவங்களை ஆக்கியோருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதத்தை வழங்கி, அவர்களைப் பண்டத்துடன் வரும் கைந்நூலில் அறிமுகமும் செய்தது. கட்டற்ற மென்பொருட்களின் உரிமங்களும், பிரதி செய்வோர் மூல ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை நீக்கலாகாது என்றே பொதுவாக விதிக்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் லெகோ முறையில் தெரிவு நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. ஒருவர் பரிசு பெற, அவ்வடிவத்தை விவாதித்துத் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு முன்போலவே இலவசமாகிறது. தனிமனிதரைச் சிறு உடைமையாளராக்கும் தீர்வு, சமூக உழைப்பின் பிரச்சினையை முற்றாகத் தீர்ப்பதில்லை.

பிறிதொரு வழி நெடுங்காலத்துக்கு முன்னரே காட்டப்பட்டுள்ளது. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்தில் தொழிலாளர் சிலர் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். அங்கே வாங்குபவரே உடைமையாளர். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. உபரி, வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்பட்டது. நம் நாட்டுச் சங்கக்கடைகளும் கொள்கையளவில் அம்மரபைச் சேர்ந்தவையே. அக்கடைகளின் குறைகள் நாம் அறியாதவையல்ல. ஆயினும் கூட்டுறவுக் கடையில் உறுப்பினர் ஒருவர் கூறுவது வெறும் யோசனை அன்று. பொதுக்கூட்டத்தில் அது பிரேரணை ஆகிறது; முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் அறிக்கைப் புத்தகத்தில் பதியப்படுகின்றன; அது ஏற்கப்பட்டால் அதன் பயன் சங்கத்துக்கே சேர்கிறது.

ஆகவே பெயரைக் கேட்பது முதற்கோரிக்கையே தவிர இறுதிக் கோரிக்கை அன்று. எந்த யோசனை எவர் வாயிலாக வந்தது என்பதை நிறுவனங்கள் பகிரங்கமாகப் பதிவுசெய்ய வேண்டும் எனக் கோருவது இன்றே சாத்தியமானது. அப்பதிவு கையில் இருக்கும்போதுதான், சமூகம் ஆக்கியதில் சமூகத்தின் பங்கு எவ்வளவு என்ற அடுத்த வினாவை எழுப்ப முடியும். பெட்டியிலே போடப்படும் யோசனை மன்றத்திலே வைக்கப்படும் பிரேரணையாக மாறும்வரை, வாடிக்கையாளரின் அறிவு பிறரின் இலாபக் கணக்கிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.